எம்.ஆர்.ஐ. படம் வளைந்து வருகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

ஒரே நோயாளர், ஒரே மேசை, ஒரே தலைக் கொயில் (சிக்னலைப் பிடிக்கும் சுருள்). வழக்கமான டீ2 படத்தில் நெற்றி ஒழுங்காக இருக்கிறது. அடுத்து எடுத்த, திசுவில் நீர் பரவுவதைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் அதே நெற்றி முன்னால் இழுபட்டு நீண்டிருக்கிறது. இயந்திரம் கெட்டுவிட்டதென்று பொறியியலாளருக்கு அழைப்பெடுக்குமுன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு படத்திலும் காந்தப்புலம் பிசகியிருப்பது ஒரே அளவுதான். அந்தப் பிசகை எந்தப் படம் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதில்தான் வேறுபாடு.

எம்.ஆர்.ஐ. இடத்தை மீடிறனால் அறிகிறது. 1.5 டெஸ்லாவில் நீரின் புரோத்தனுக்குரிய மீடிறன் 63.87 மெகாஹெர்ட்ஸ். ஓரிடத்தில் புலம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம், கூடினால் அங்குள்ள நீர் 64 ஹெர்ட்ஸ் விலகிவிடும். 3 டெஸ்லாவில் 128 ஹெர்ட்ஸ். இது புலத்தின் பிசகு என்று கருவிக்குத் தெரியாது. வேறோர் இடத்திலிருந்து வந்த சிக்னல் என்று எடுத்து, அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். எத்தனை பிக்சல் தள்ளி வைக்கும் என்பதை அறிய, பிசகின் ஹெர்ட்ஸை ஒரு பிக்சலுக்குரிய பாண்ட்விட்த்தால் (மீடிறன் அகலத்தால்) வகுத்தால் போதும்.

டீ2 படம் எடுக்கும் வழக்கமான டர்போ ஸ்பின் எக்கோ முறையில், ரீட்அவுட் திசையில் (சிக்னலை வாசிக்கும் அச்சில்) பிக்சலுக்கு 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் பிசகு அரைப் பிக்சல் நகர்வு. யார் கண்ணிலும் படாது. டிஃப்யூஷனுக்கும் மூளையின் செயற்பாட்டைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ.க்கும் பயன்படும் ஈ.பி.ஐ. (எக்கோ பிளேனர் இமேஜிங்) அப்படியல்ல. படத்துக்குரிய 128 தரவுக் கோடுகளையும் ஒரே மூச்சில் எடுக்கும். கோட்டுக்குக் கோடு 0.7 மில்லிசெக்கன் என்றால் மொத்தம் ஏறத்தாழ 90 மில்லிசெக்கன். அதனால் ஃபேஸ் திசையில் (ரீட்அவுட்டுக்குக் குறுக்கான அச்சில்) பிக்சலுக்குக் கிடைப்பது 11.2 ஹெர்ட்ஸ்தான். அதே 100 ஹெர்ட்ஸ் பிசகு இங்கே 9 பிக்சல். 230 மி.மீ. எஃப்.ஓ.வி. (படம் பிடிக்கும் பரப்பின் அகலம்) என்றால் 16 மி.மீ.

இந்த வகுத்தலை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு விடை தானாக வந்துவிடும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மென்பொருளால் திருத்தலாம் என்று நம்பி நோயாளரை மேசையிலிருந்து இறக்கிவிடுவதுதான் இந்த விடயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. திருத்தத்துக்கு வேண்டிய மேலதிகப் படம் ஒரு நிமிடத்துக்குள் எடுத்து முடிகிற வேலை. மூதூர், வெருகல், புல்மோட்டை என்று தூரத்து ஊர்களிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவரை அந்த ஒரு நிமிடத்துக்காக மறுபடி வரச்சொல்ல முடியாது.

எந்த அறிகுறிக்கும் முன்னர்: திசைச் சோதனை

வளைவு எந்த அச்சில் ஓடுகிறது என்று பாருங்கள். ஈ.பி.ஐ.யில் புலப் பிசகு ஃபேஸ் திசையில் மட்டும் தெரியும்; சாதாரண ஸ்பின் எக்கோவிலும் கிரேடியன்ட் எக்கோவிலும் ரீட்அவுட் திசையில் தெரியும். பிறகு அந்த அச்சின் போக்கைத் தலைகீழாக்கி, முன்னிருந்து பின் என்பதைப் பின்னிருந்து முன் என்று மாற்றி, ஒரேயொரு பீ-பூச்சியப் படம் (டிஃப்யூஷன் கிரேடியன்ட் இல்லாத படம்) எடுங்கள். முன்னர் வெளியே நீண்ட இடம் இப்போது உள்ளே அமுங்கினால் காரணம் காந்தப்புலச் சீரின்மை. எப்படித் திருப்பினாலும் வளைவு ஒரே பக்கமே நின்றால் அது கிரேடியன்ட்டின் (இடத்துக்கு இடம் புலத்தைத் திட்டமிட்டு மாற்றும் கொயிலின்) கோளாறு, அல்லது நோயாளரின் உடலமைப்பே அப்படி. டிஃப்யூஷன் திசை மாற மாற வளைவும் மாறினால் அது எடி மின்னோட்டம் (கிரேடியன்ட் மாறும்போது உலோகப் பாகங்களில் தூண்டப்படுவது). மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரிக்காமல் திருத்தத் தொடங்கினால் நேராக இருந்த படத்தையும் வளைத்துவிடுவீர்கள்.

அறிகுறி: டிஃப்யூஷனில் நெற்றிப்பக்கம் நீண்டோ நசுங்கியோ வருகிறது, காதெலும்புக்கு மேலே வெண்திட்டு

காற்றும் திசுவும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் இவை. நெற்றி, மூக்குக் குழிகளிலும் காதுக்குப் பின்னுள்ள எலும்பறைகளிலும் காற்று இருக்கிறது. நீருக்கும் காற்றுக்கும் காந்த ஏற்புத்திறனில் ஏறத்தாழ 9 பிபிஎம் வித்தியாசம் உண்டு. அந்த எல்லையில் புலம் திடீரென்று வளைவதை எந்தக் காந்தத்தாலும் தடுக்க முடியாது. புலத்தைச் சீராக்கும் ஷிம் கொயில்களாலும் ஓரளவுக்குத்தான் சமப்படுத்த முடியும்.

வெண்திட்டு விடயத்தில் அவசரப்படக் கூடாது. பக்கத்துப் பிக்சல்களின் சிக்னல் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிந்தாலும் வெண்மையாகத் தெரியும்; புதிய பக்கவாதமும் வெண்மையாகத் தெரியும். பீ-பூச்சியப் படத்தையும், நீர் பரவும் வேகத்தைக் காட்டும் ஏ.டி.சி. வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குவிந்த சிக்னல் பீ-பூச்சியத்திலும் அதே இடத்தில் அதே வடிவில் பளிச்சென்று இருக்கும். புதிய இரத்தோட்டத் தடையானால் டிஃப்யூஷன் ஏற்றிய பீ-1000 படத்தில் வெண்மை, ஏ.டி.சி.யில் கருமை. சந்தேகம் தீராவிட்டால் ஃபேஸ் போக்கைத் தலைகீழாக்கி ஒருமுறை எடுங்கள். குவியல் இடம் மாறும் அல்லது கரையும், நோய் அங்கேயே இருக்கும்.

கன்சோலில் செய்ய வேண்டியவற்றில் முதலிடம் பரலல் இமேஜிங்குக்கு (கொயிலின் பல சானல்களை வைத்து, கோடுகளை இடைவிட்டு எடுக்கும் முறை). காரணி 2 வைத்தால் கோட்டிடைவெளி செயலளவில் 0.35 மில்லிசெக்கனாகும், பிக்சலுக்கு 22.3 ஹெர்ட்ஸ் கிடைக்கும், மேலே சொன்ன 16 மி.மீ. நகர்வு 8 மி.மீ. ஆகிவிடும். காரணி 3 இன்னும் குறைக்கும். ஆனால் இரைச்சல் கூடும், கொயிலில் போதிய சானல் இல்லாவிட்டால் படத்தின் நடுவே மணல் தூவினாற்போல் வரும். தலைக்கு 2 போதும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

அடுத்து எக்கோ ஸ்பேசிங், அதாவது மேலே சொன்ன கோட்டிடைவெளி. ரீட்அவுட் பாண்ட்விட்த்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே எக்கோ ஸ்பேசிங் எங்கே மிகக் குறைவாக வருகிறது என்று பாருங்கள். ஓர் எல்லைக்கு மேல் பாண்ட்விட்த்தைக் கூட்டினால் கிரேடியன்ட் ஏறி இறங்கும் நேரமே அதிகமாகி ஸ்பேசிங் மறுபடி கூடத் தொடங்கும். இடையில் சில அளவுகளைக் கருவி ஏற்க மறுக்கும். அவை கிரேடியன்ட் கொயில் அதிர்ந்து முழங்கும் மீடிறன்கள். வற்புறுத்தாமல் தாண்டிப் போங்கள்.

பார்ஷியல் ஃபூரியரை (ஒரு பக்கத்துக் கோடுகளில் சிலவற்றை எடுக்காமல் விடும் முறையை) 6/8 ஆக்கினால் வளைவு குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். குறையாது. எக்கோ நேரம் குறையும், சிக்னல் கூடும்; ஆனால் கோட்டிடைவெளி மாறாதபடியால் நகர்வும் மாறாது.

குறுக்குவெட்டுத் தலைப் படங்களுக்கு ஃபேஸ் திசை முன்-பின்னாகவே இருக்கட்டும். இடம்-வலமாக வைத்தால் வளைவு இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி தெரியும். இரு பக்கத்தையும் ஒப்பிட்டு நோயைத் தேடும் வைத்திய நிபுணரின் கண்ணை அது ஏமாற்றும்.

இவ்வளவும் செய்தும் காதெலும்பருகே தெளிவு போதவில்லை, கேள்வியோ கொலஸ்டியட்டோமா (நடுக்காதில் வளரும் தோல்கட்டி) என்றால், ஈ.பி.ஐ.யோடு மல்லுக்கட்டாமல் டர்போ ஸ்பின் எக்கோ வகை டிஃப்யூஷனுக்கு மாறுங்கள். நேரம் கூடுதலாகும், இந்த வகை வளைவு ஏறக்குறைய இல்லாமலே போகும்.

அறிகுறி: டாப்அப் ஓட்டிய பிறகும் வளைவு போகவில்லை, அல்லது இரட்டிப்பாகிவிட்டது

எதிரெதிர் ஃபேஸ் போக்கில் எடுத்த இரண்டு படங்களிலிருந்து புலத்தைக் கணக்கிடும் முறையை ஆண்டர்சன், ஸ்கேர், ஆஷ்பர்னர் ஆகியோர் 2003இல் வெளியிட்டார்கள். எஃப்.எஸ்.எல். என்ற மூளைப்பட மென்பொருள் தொகுப்பில் டாப்அப் என்ற பெயரில் இருப்பது அதுதான். ஒரு படத்தில் முன்னால் நகர்ந்தது மற்றதில் அதே அளவு பின்னால் நகரும். உண்மையான இடம் இரண்டுக்கும் நடுவில். எண்ணம் எளிது. கோளாறு பெரும்பாலும் தரவைக் கொடுக்கும் விதத்தில்தான்.

முதலில் ஒழுங்காக ஓட்டும் வரிசை:

1. முழு டிஃப்யூஷன் தொடர் ஒரு போக்கில். அதே எஃப்.ஓ.வி., அதே மாட்ரிக்ஸ், அதே எக்கோ ஸ்பேசிங், அதே தளங்களோடு (வெட்டுகளோடு) எதிர்ப் போக்கில் பீ-பூச்சியப் படங்கள் இரண்டோ மூன்றோ.
2. இரண்டுக்கும் இடையில் கருவி மறுபடி ஷிம் செய்யக் கூடாது. முதல் தொடரின் ஷிம்மையே இரண்டாவதும் எடுத்துக்கொள்ளும்படி புரொட்டோகோலில் குறியுங்கள்.
3. கருவி தரும் டைகாம் கோப்புகளை மென்பொருள் வாசிக்கும் நிஃப்டி வடிவுக்கு மாற்றும்போது கூடவே வரும் ஜேசன் விவரக் கோப்பில் ஃபேஸ் என்கோடிங் திசையையும் மொத்த ரீட்அவுட் நேரத்தையும் பாருங்கள். கழித்தல் குறி இருக்கிறதா என்று இரண்டு கோப்பிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.
4. இரு போக்கின் பீ-பூச்சியப் படங்களை ஒரே கோப்பாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: முதல் மூன்று எண் ஃபேஸ் போக்கு, கடைசி எண் செக்கனில் மொத்த ரீட்அவுட் நேரம். மேலே சொன்ன 128 கோட்டு உதாரணத்துக்கு, பரலல் இல்லாமல், 0 1 0 0.0889 என்றும் 0 -1 0 0.0889 என்றும் வரும். காரணி 2 என்றால் கடைசி எண் 0.0444.
5. டாப்அப் முடிந்ததும் அது தரும் புல வரைபடத்தை முதலில் திறந்து பாருங்கள், திருத்திய படத்தை அல்ல. நெற்றிக்கு மேலும் காதுக்கு அருகிலும் பெரிய எண்கள், நடுமூளையில் பூச்சியத்துக்குக் கிட்டிய எண்கள் என்று மெதுவாக மாறும் வரைபடமாக இருக்க வேண்டும்.

வளைவு இரட்டிப்பானால் குறி தலைகீழாக இருக்கிறது. பெரும்பாலும் டாப்அப்பில் அல்ல, அதன் விளைவைப் பொருத்தும் கட்டத்தில், எந்தப் படம் எந்த வரிக்கு உரியது என்ற எண் மாறிப்போயிருக்கும். ஜேசன் கோப்பை மட்டும் நம்பாமல் படத்தைக் கண்ணால் பாருங்கள்: ஒன்றில் நெற்றி நீண்டும் மற்றதில் அமுங்கியும் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் எதிர்ப் போக்குப் படம் எடுக்கப்படவேயில்லை. பெயர் மட்டும் மாறியிருக்கிறது. இது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் புரொட்டோகோலைப் பிரதியெடுத்துப் பெயரை மாற்றுபவர் போக்கை மாற்ற மறந்துவிடுகிறார்.

ரீட்அவுட் நேரம் தவறாகக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு வரியிலும் ஒரே தவறான எண் என்றால் திருத்திய படம் சரியாகவே வரும். புல வரைபடத்தின் ஹெர்ட்ஸ் அளவு மட்டும் பிழையாகும். ஆனால் அந்த வரைபடத்தை வேறு ரீட்அவுட் நேரம் கொண்ட இன்னொரு தொடருக்குப் பயன்படுத்தினால் அங்கே பிழை வெளியே வரும்.

டாப்அப் தொடக்கத்திலேயே அளவு பொருந்தவில்லை என்று சொல்லி நின்றால் தளங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். இயல்பான அமைப்புக் கோப்பு படத்தைப் பாதியாகச் சுருக்கி வேலை தொடங்கும். 61 தளம் போன்ற ஒற்றை எண் அதற்கு ஒத்துவராது. ஒரு தளத்தை வெட்டி எறிவதைவிட, சுருக்காமல் ஓடும் மாற்று அமைப்புக் கோப்பைப் பயன்படுத்துவது நல்லது. நேரம் கூடுதலாகும், தரவு இழப்பில்லை.

முன்பகுதி திருந்தி, பின்பகுதியில் புதிதாக ஒரு வளைவு முளைத்தால் இரு தொடருக்கும் இடையில் ஷிம் மாறியிருக்கும். டைகாம் தலைப்பில் ஷிம் மின்னோட்ட எண்கள் பதிவாகும் கருவியானால் ஒப்பிட்டு உறுதி செய்யலாம். மாறியிருந்தால் அந்த இணையை வைத்து நல்ல திருத்தம் எடுக்க முடியாது.

டிஃப்யூஷன் திசைக்குத் திசை படம் சரிவதும் சுருங்குவதும் எடி மின்னோட்டத்தால். டாப்அப்பின் விளைவை அதே தொகுப்பிலுள்ள எடி என்ற அடுத்த நிரலுக்குக் கொடுங்கள். அது புலப் பிசகையும் எடி மின்னோட்டத்தையும் நோயாளரின் அசைவையும் சேர்த்தே திருத்தும். தனித்தனியாக இரண்டு முறை திருத்தினால் படம் இரண்டு முறை மங்கும்.

அறிகுறி: எதிர்ப் போக்குப் படம் இல்லை, புல வரைபடம் மட்டும் இருக்கிறது, அதைப் போட்டால் ஓரம் கிழிகிறது

இரண்டு எக்கோ நேரங்களில் கிரேடியன்ட் எக்கோ எடுத்து, ஃபேஸ் வித்தியாசத்திலிருந்து புலத்தைக் கணக்கிடும் வழி இது. ஈ.பி.ஐ. திருத்தத்துக்கு இதைப் பயன்படுத்துவதை ஜெஸார்டும் பலபனும் 1995இல் விளக்கினார்கள். கொழுப்பும் நீரும் குழப்பாமல் இருக்க, எக்கோ நேர வித்தியாசத்தை 3 டெஸ்லாவில் 2.46 மில்லிசெக்கனும் 1.5 டெஸ்லாவில் 4.76 மில்லிசெக்கனுமாக வைப்பது வழக்கம்.

கிழிசலுக்குக் காரணம் இந்த எண்களிலேயே இருக்கிறது. ஃபேஸ் ஒரு சுற்றுக்கு மேல் போனால் மறுபடி தொடக்கத்துக்கு வந்துவிடும். 2.46 மில்லிசெக்கனுக்கு அந்த எல்லை கூட்டல் கழித்தல் 203 ஹெர்ட்ஸ், 4.76க்கு 105 ஹெர்ட்ஸ். மூக்குக் குழிக்கு மேலே பிசகு இதைத் தாண்டினால் வரைபடத்தில் வெள்ளையும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இந்தச் சுற்றை அவிழ்த்து நேராக்கும் அன்ராப் கட்டம் அங்கே தவறியிருந்தால் படம் அந்தக் கோட்டில் கிழியும். மூளையை மட்டும் தெரிவு செய்யும் முகமூடியை (மாஸ்க்) சற்று இறுக்கி, சிக்னல் இல்லாத காற்றுப் பிக்சல்களை நீக்கிவிட்டு மறுபடி அன்ராப் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

எல்லா இடமும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் வரைபடத்தின் சராசரி பூச்சியமாக்கப்படவில்லை. நகர்வே நடக்காததுபோல் இருந்தால் அலகைப் பாருங்கள்: சில கருவிகள் ஃபேஸை 0 முதல் 4095 வரையான எண்ணாகத் தருகின்றன, சில நேரே ஹெர்ட்ஸில் தருகின்றன; மென்பொருள் ரேடியன் கேட்கும். ஒரு ஹெர்ட்ஸ் 6.28 ரேடியன்/செக்கன் என்பதை மறந்தால் திருத்தம் ஆறில் ஒரு பங்குதான் நடக்கும்.

அறிகுறி: படத்தில் ஓட்டை. திருத்தினாலும் நிரம்பவில்லை

நிரம்பாது. ஒரே வொக்சலுக்குள் (முப்பரிமாணப் பிக்சலுக்குள்) புலம் அதிகம் மாறினால் அங்குள்ள புரோத்தன்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். நகர்ந்த சிக்னலைத் திரும்ப வைக்கலாம். அழிந்ததை எந்த மென்பொருளும் கொண்டுவராது. கிரேடியன்ட் எக்கோ வகை எஃப்.எம்.ஆர்.ஐ.யில் கண்ணுக்கு மேலுள்ள மூளைப்பகுதியில் இதைக் காண்பீர்கள். தளத் தடிப்பை 4 மி.மீ.யிலிருந்து 2.5 மி.மீ.க்குக் குறைப்பது, எக்கோ நேரத்தைக் குறைப்பது, தளத்தின் சரிவை மாற்றுவது ஆகிய மூன்றும் அடுத்த முறைக்கான வழிகள்.

அறிகுறி: கருங்குழி, அதன் ஓரத்தில் பளிச்சென்ற வெள்ளை வளையம்

இது உலோகம். இங்கே படத்தைப் பற்றி யோசிக்குமுன் ஆளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

போர்க்காலச் செல் துண்டுகளை உடம்பில் சுமப்பவர்கள் திருகோணமலை மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். “உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்றே சொல்வார்கள், அறுவைச் சிகிச்சையில் வைத்த கம்பியைத்தான் கேட்கிறோம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். “எப்போதாவது செல் பட்டதா ஐயா? சன்னம் பட்டதா?” என்று நேராகக் கேளுங்கள். துறைமுகப் பக்கத்துப் பட்டறைகளில் வெல்டிங், கிரைண்டிங் செய்தவர்களிடம் கண்ணில் இரும்புத்தூள் விழுந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால் எக்ஸ்ரே பார்த்து, கதிரியக்க வைத்திய நிபுணர் அனுமதித்த பிறகே அறைக்குள். கண்ணுக்குள்ளோ பெரிய இரத்தக் குழாய்க்கு அருகிலோ காந்தமேறும் துண்டு இருந்தால் ஸ்கேன் இல்லை. ஸ்கேன் தொடங்கிய பிறகு எதிர்பாராத கருங்குழி கண்டாலும் இதே ஒழுங்கு: முதலில் நிறுத்துங்கள், பிறகு விசாரியுங்கள்.

குழி தோலின் ஓரத்தில் இருந்தால் உலோகம் வெளியே இருக்கலாம். சேலைக்குக் குத்திய சேஃப்டி பின், தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு, அரைஞாணில் கோத்த தாயத்து, கொண்டை ஊசி, கடலுக்குப் போய்வந்தவரின் சட்டைப்பையில் கிடக்கும் தூண்டில் முள் ஆகியவை சாதாரணம். இவற்றில் சில அறைக்குள் வரும்போதே ஆபத்தானவை, படம் கெடுவது அதற்கு அடுத்த கவலை. இரும்பு ஒட்சைட்டுச் சேர்ந்த கண் மையோ குத்திய பச்சையோ இமைப்பகுதியை மட்டும் வளைக்கும். உடை மாற்றிய பிறகும் ஒருமுறை கேட்பது வீண் வேலையல்ல.

அனுமதிக்கப்பட்ட உள்வைப்பு என்று உறுதியானால்: கிரேடியன்ட் எக்கோவையும் ஈ.பி.ஐ.யையும் விட்டு டர்போ ஸ்பின் எக்கோவுக்கு வாருங்கள். ரீட்அவுட் பாண்ட்விட்த்தைப் பிக்சலுக்கு 200இலிருந்து 400 ஹெர்ட்ஸுக்குக் கூட்டினால் நகர்வு பாதியாகும். சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 0.71 மடங்காகக் குறையும். அதை ஈடுசெய்ய அவரேஜை (ஒரே தரவைத் திரும்ப எடுக்கும் எண்ணிக்கையை) இரட்டிப்பாக்குங்கள். தளத் தடிப்பு 3 மி.மீ. அல்லது அதற்கும் கீழே. 3 டெஸ்லாவும் 1.5 டெஸ்லாவும் தெரிவுக்கு இருந்தால் 1.5. டைட்டேனியம் கம்பிக்கு இவ்வளவே போதும். துருப்பிடிக்கா உருக்கோ கோபால்ட்-குரோமியமோ என்றால் போதாது.

அவற்றுக்கு, தளமே வளைகிறது என்பதுதான் சிக்கல். நீங்கள் தட்டையாக வெட்டுவதாக நினைக்கும் தளம் உலோகத்தருகே கிண்ணமாகக் குழிந்திருக்கும். வியூ ஆங்கிள் டில்டிங் என்ற முறை தளத்துக்குள் நடக்கும் நகர்வை மட்டும் திருத்தும். தளத்துக்குத் தளம் போன சிக்னலைத் திரும்ப எடுக்க, 2009இல் வெளியான செமாக், மாவ்ரிக் போன்ற முறைகள் வேண்டும். உங்கள் கருவியில் அதற்கான உரிமம் இருக்கிறதா என்று மென்பொருள் பட்டியலில் பாருங்கள். இல்லாவிட்டால் ரீட்அவுட் திசையைத் திருப்பி, வளைவு பார்க்க வேண்டிய பக்கத்துக்குப் போகாமல் செய்வதே மிஞ்சிய வழி. முழங்கால் திருகாணிக்கு இது நன்றாகவே உதவும்.

அறிகுறி: கொழுப்பு ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் வெள்ளையாக நிற்கிறது

கொழுப்பின் மீடிறன் நீரைவிட 3.5 பிபிஎம் குறைவு, 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 220 ஹெர்ட்ஸ். கொழுப்பை அழிக்கும் துடிப்பு அந்த இடத்தைக் குறிவைத்தே அடிக்கும். கழுத்திலும் தோளிலும் புலம் 2, 3 பிபிஎம் பிசகினால் அடி கொழுப்புக்குப் படாது. மோசமானால் நீருக்குப் படும். தசை கறுத்துக் கொழுப்பு வெளுத்திருந்தால் நடந்தது அதுதான்.

எந்த மீடிறனில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் நிறமாலைப் படத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு சிகரம் தெரியும். கொழுப்பு அதிகமுள்ள இடங்களில், மார்பகத்திலும் பாதத்திலும், கருவி உயரமான சிகரத்தை நீர் என்று எடுத்துக்கொள்ளும். நீரின் சிகரத்தைக் கையால் தெரிவு செய்யுங்கள். ஷிம் பெட்டியை (புலத்தைச் சீராக்கும் பகுதியைக் குறிக்கக் கன்சோலில் வரையும் பெட்டியை) வெளிக்காற்றும் நுரையீரலும் உள்ளே வராதபடி திசுவோடு ஒட்டி வையுங்கள். தோள் பட்டையில் பெட்டியைச் சுருக்குவதே பாதி வைத்தியம்.

கழுத்துக்கு ஒரு மலிவான வழி உண்டு: உலர்ந்த அரிசி. துணிப்பையில் கட்டி, நாடிக்குக் கீழேயும் பிடரியிலும் காற்றிடைவெளி இல்லாமல் அணைத்து வைத்தால் காற்று-திசு எல்லை உடம்பிலிருந்து தள்ளிப்போகும், உள்ளே புலம் சீராகும். உலர்ந்த அரிசி வழக்கமான படங்களில் சிக்னல் தராது. பையைத் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, நோயாளருக்கு நோயாளர் துடைத்து, வண்டு விழுமுன் அரிசியை மாற்றுங்கள். பையைத் தைத்தவர் உள்ளே ஊசியையோ உலோக ஜிப்பையோ விடவில்லை என்று முதல்முறை கட்டாயம் சோதிக்க வேண்டும்.

இதற்கும் அடங்காவிட்டால் டிக்ஸன் அல்லது ஸ்டிர் என்ற வேறு கொழுப்பழிப்பு முறை. ஸ்டிர் மீடிறனை நம்பாமல் டீ1 நேரத்தை (திசுவின் காந்தமேற்றம் மீளப் பிடிக்கும் நேரத்தை) நம்புகிறது, 1.5 டெஸ்லாவில் இன்வெர்ஷன் நேரம் 150 முதல் 170 மில்லிசெக்கன். கடோலினியம் (நோய்த்திசுவைப் பளிச்சிடச் செய்யும் ஊசிமருந்து) கொடுத்த பிறகு ஸ்டிர் வேண்டாம்: மருந்து ஏறிய நோய்த்திசுவின் டீ1 கொழுப்புக்குக் கிட்ட வந்து, காட்ட வேண்டியதையே அது அழித்துவிடும்.

அறிகுறி: படத்தின் ஓரங்கள் மட்டும் வில்லாக வளைகின்றன

போக்கைத் திருப்பினாலும் மாறவில்லை, நடுப்பகுதி சரி, முதுகெலும்புப் படத்தின் மேல்முனையும் கீழ்முனையும் வளைகின்றன என்றால் அது கிரேடியன்ட்டின் நேரற்ற தன்மை. கன்சோலில் டிஸ்டோர்ஷன் கரெக்ஷனை, முடிந்தால் முப்பரிமாணத்தில், போட்டுவிடுங்கள். மென்பொருளில் பிறகு செய்வதானால் கன்சோலில் போடாதீர்கள். இரண்டு முறை திருத்தினால் மறுபக்கம் வளையும்.

அறிகுறி: எல்லோருக்கும், எல்லாப் படத்திலும், ஃபான்டத்திலும்

இப்போதுதான் இயந்திரத்தைச் சந்தேகிக்கலாம். ஏ.சி.ஆர். (அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி) பெரிய ஃபான்டம், அதாவது ஆளுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் பொருள், இருந்தால் உள்விட்டம் 190 மி.மீ., நீளம் 148 மி.மீ. என்று அளந்து பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் விலகினால் பதிவேட்டில் எழுதுங்கள். உருண்டை ஃபான்டத்தில் நீர்ச் சிகரத்தின் பாதியுயர அகலத்தையும் எழுதுங்கள், 1.5 டெஸ்லாவில் 32 ஹெர்ட்ஸ் என்றால் அரை பிபிஎம். ஒருநாள் எண்ணைவிட, போன மாத எண்ணிலிருந்து எவ்வளவு மாறியது என்பதுதான் பேசும்.

திடீரென்று மாறியிருந்தால் முதலில் நோயாளர் நுழையும் காந்தக் குழாயின் உள்ளே தேடுங்கள். ஒரு கொண்டை ஊசி போதும். மேசை ஓடும் பள்ளம், கொயில் செருகும் பொந்து, மெத்தையின் தையல் இடுக்கு ஆகிய இடங்களைக் காந்தமேறாத விளக்கொன்றால் பாருங்கள். கடற்கரை ஊர்களில் மணலையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். புல்மோட்டைக் கரையின் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. தொழிற்சாலையில் இல்மனைட்டைப் பிரிப்பதே காந்தத்தால்தான். செருப்பிலும் வேட்டி மடிப்பிலும் வரும் கருமணல் குழாயின் அடியில் படிந்தால் தானாக விழாது. பிளாஸ்டிக் கோலில் ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் வெளியே சுற்றி ஒற்றியெடுங்கள். துடைப்பத்தால் தள்ளினால் இன்னும் உள்ளே போகும்.

மின்வெட்டுக்குப் பிறகு கெட்டிருந்தால் ஷிம் மின்வழங்கியைப் பாருங்கள். மின்சாரம் வந்த பிறகு உயர்வரிசை ஷிம் மின்னோட்டம் பூச்சியத்திலேயே நின்றிருக்கலாம். நிரந்தரக் காந்தம் கொண்ட திறந்தவகைக் கருவியில் வேறு கதை: நியோடிமியம் காந்தத்தின் வலு ஒரு பாகைக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு குறையும். 0.3 டெஸ்லாவில் 12.77 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு பாகை வெப்பம் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளிவிடும். அதனால்தான் அந்தக் காந்தங்களுக்குள் ஹீட்டர் வைத்து ஒரே வெப்பத்தில் வைத்திருக்கிறார்கள். வைகாசி வெயிலில் குளிரூட்டி நின்று மறுபடி ஓடத் தொடங்கினால், காந்தம் சமநிலைக்கு வரப் பல மணி நேரம் பிடிக்கும். அதுவரை எந்த ஷிம்மும் நிற்காது.

காலையில் சரி, நீண்ட ஈ.பி.ஐ. தொடருக்குப் பிறகு படம் ஃபேஸ் திசையில் மெல்ல மெல்ல நகர்கிறது, கொழுப்பழிப்பும் தளர்கிறது என்றால் கிரேடியன்ட் சூட்டில் ஷிம் இரும்புத் துண்டுகளும் சூடாகி மீடிறன் ஓடுகிறது. 11 ஹெர்ட்ஸ் ஓடினால் ஒரு பிக்சல். நீண்ட தொடரைப் பரிசோதனைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள், ஒவ்வொரு தொடருக்கும் முன்னர் மைய மீடிறனை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், குளிர்நீர் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள்.

பொறியியலாளரை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: இரு போக்கிலும் எடுத்த ஃபான்டப் படம், சிகரத்தின் அகலம் அன்றும் இன்றும், மைய மீடிறன் அன்றும் இன்றும், கடைசி மின்வெட்டின் நேரம், அறை வெப்பநிலை. ஷிம் தட்டுகளை நீங்களே இழுத்துப் பார்க்க வேண்டாம். இரும்பு நிரம்பிய தட்டு புலம் இருக்கும்போது பாதி வெளியே வந்தால் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகும். விரல் இடுக்கில் இருந்தால் விரலும் போகும்.